இன்னும் ஒரு திருகு

கை வலிக்கிறது என்று நான் வீட்டில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கைவலி அம்மாவின் சொத்து. பல வருடம் பத்து வீட்டில் பாத்திரம் தேய்த்தாள், பிறகு ஒரு விடுதியில் துணி துவைத்தாள், இப்போது ஒரு பரிசோதனை நிறுவனத்தின் கலெக்‌ஷன் சென்டரில் உதவியாளர். அந்தச் சொத்து என் பெயருக்கு மாறிவிடக் கூடாது என்றுதான் என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் என்னுடையது. அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். ஆணி அடித்ததும் அவள்தான்.

அதனால் ஒருநாள் காலையில் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீரென்று இழுத்து, சொம்பு கையை விட்டுப் போனபோது, ஈரக் கை வழுக்கிவிட்டது என்றேன். அம்மா ஓடி வந்தாள். துணி எடுத்துத் தரையைத் துடைத்தாள். இடது கையால் துடைத்தாள். அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

நான் வேலை பார்ப்பது அதே நிறுவனத்தின் மைய லேபில். நான்கு வருடம் படித்தேன். செய்வது மூடி திறப்பது. ஊரைச் சுற்றி ஆறு கலெக்‌ஷன் சென்டர்கள். அங்கே எடுக்கிற ரத்தமும் சிறுநீரும் பெட்டியில் அடுக்கப்பட்டு எங்களிடம் வரும். ஒவ்வொரு டப்பாவையும் குழாயையும் திறந்து இயந்திரத்தின் வரிசையில் வைக்க வேண்டும். திறப்பதற்கென்றே ஓர் இயந்திரம் உண்டு. அது கெட்டு ஐந்து மாதம் ஆகிறது. பாகம் வர வேண்டும் என்கிறார்கள். பாகம் வரும்வரை நான் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நானூறு மூடி, கூடுதலாகவே இருக்கும், குறையாது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று பள்ளியில் எழுத வைத்தார்கள். அம்மியைப் பற்றித்தான் சொன்னார்கள். அடிக்கிற கை என்ன ஆகும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

என் அம்மா இதே நிறுவனத்தில் இருக்கிறாள் என்று லேபில் யாருக்கும் தெரியாது. சேரும்போது கொடுத்த படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதினேன். அப்போது கை வலிக்கவில்லை.

ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய மூன்று வாரம் இருந்தது. வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட வேண்டியவர் லேப் பொறுப்பாளர். அவரை எல்லோரும் தராசு என்போம். எதைக் கேட்டாலும் தலையை முதலில் இடப்பக்கம் சாய்ப்பார், பிறகு வலப்பக்கம் சாய்ப்பார், அதன் பிறகுதான் பதில் வரும். அவரிடம் கைவலி என்று சொன்னால் தட்டு எந்தப் பக்கம் இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

விடுமுறை நாளில் பொது மருத்துவமனைக்குப் போனேன். பிசியோதெரபி அறை ஒரு நீளமான கூடம். பச்சைத் திரை, மணல் மூட்டைகள், சுவரில் ஒரு சக்கரம். பிசியோ என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். கையை நீட்டி, முஷ்டி பிடித்து, மணிக்கட்டை மேலே தூக்கச் சொன்னாள். தூக்கிய மணிக்கட்டைக் கீழே அழுத்தி, நான் எதிர்த்து நிற்க வேண்டும் என்றாள். நின்றேன். முழங்கையில் கத்தி இறங்கியது. பிறகு ஒரு நாற்காலியின் முதுகைக் காட்டி, உள்ளங்கை கீழே பார்க்க அதைத் தூக்கு என்றாள். முடியவில்லை. உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கு என்றாள். தூக்கிவிட்டேன்.

டென்னிஸ் எல்போ என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. டென்னிஸ் மட்டையை நான் கடைக் கண்ணாடிக்குள் பார்த்ததோடு சரி. எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதாம் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். ஏழு வருடத்தில் இந்த அறைக்கு டென்னிஸ் ஆடுகிற ஒருவரும் வந்ததில்லையாம். வருவதெல்லாம் பெயிண்டர், தச்சர், சமையற்காரர், கறி வெட்டுகிறவர்.

“பேரை ஆடுறவங்களுக்குக் குடுத்துட்டாங்க. வலியை நாம வச்சிருக்கோம்.”

பிறகு என் கையைத் திருப்பி வைத்து விளக்கினாள். மணிக்கட்டைப் பின்பக்கம் தூக்குகிற தசைகள் ஒரு நாராகச் சேர்ந்து, முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் போய் ஒட்டுகின்றன. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம், மணிக்கட்டு தொங்கிவிடாமல் அந்த நார்தான் இழுத்துப் பிடிக்கிறது. துணி காயப்போடுகிற கயிறு நடுவில் அறுவதில்லை, ஆணியில் கட்டிய இடத்தில்தான் நைந்துபோகிறது. அதுபோலத்தான் இதுவும். வலி முழங்கையில் இருக்கும், குற்றம் அங்கே இருக்காது.

ஊசி போட்டால் சரியாகுமா என்று கேட்டேன். மூன்று வாரத்தில் எனக்குக் கை வேண்டும்.

“போடலாம். சீக்கிரமே வலி குறையும். குறைஞ்சதும் நீ என்ன செய்வ? அதே மூடியை அதே மாதிரி திறப்ப. வலிதான் இவ்வளவு நாள் உனக்குச் சொல்லிட்டு இருந்துச்சு. அது வாயை மூடிக்கும், நையறது நிக்காது. ஊசி போட்டவங்களுக்குத்தான் பின்னாடி அதிகமா திரும்பி வருது.”

மூன்று மாதம் என்றாள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும் என்றாள். கைப்பட்டை ஒன்று கொடுத்தாள். அதை எல்லோரும் வலிக்கிற எலும்பின் மேலேயே கட்டிவிடுகிறார்களாம். அங்கே கட்டக் கூடாது, இரண்டு விரல் கீழே, சதையின் மேல் கட்ட வேண்டும். அப்புறம் ஒரு பயிற்சி. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளங்கை கீழே. இன்னொரு கையால் தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் மெதுவாக இறக்க வேண்டும். பதினைந்து முறை, மூன்று சுற்று, தினமும். கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாளும் வலி இருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். சும்மா கட்டிப்போட்டு வைத்தால் நார் தேறாது, அளவாக வேலை கொடுத்தால்தான் தேறும்.

கிளம்பும்போது கேட்டாள். “எல்லா மூடியும் வலிக்குதா?”

மூடி என்றால் மூடிதானே என்றேன். இல்லை, பார் என்றாள்.

பார்த்தேன். கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து ஆறு கட்டம் போட்டேன், சென்டருக்கு ஒன்று. வலிக்கிற மூடிக்கு ஒரு புள்ளி. மூன்று நாள் வைத்தேன். ஐந்து கட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். நான்காவது கட்டத்தில் எறும்புப் புற்று. நான்காவது சென்டரிலிருந்து பெட்டி இரண்டு முறை வரும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மாலைப் பெட்டியின் மூடிகள் இரண்டு விரலால் திறந்தன. காலைப் பெட்டியின் மூடிகளை டப்பாவோடு சேர்த்து உருக்கி ஒட்டியதுபோல இருந்தது. இரண்டு மூடிகளில் விரிசல்கூட இருந்தது.

நான்காவது சென்டரில் காலை ஷிப்டுக்கு ஒரே ஓர் உதவியாளர். நோயாளி கொண்டுவந்து வைக்கும் டப்பாவைத் துடைத்து, இறுக்கி மூடி, பெயர் ஒட்டிப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. மதியம் அவள் வீட்டுக்கு வந்து எனக்குச் சோறாக்கி வைக்கிறாள்.

யாரைத் திட்டுவது என்று தெரியாதபோது கோபம் சுலபமாக இருக்கிறது. தெரிந்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அட்டையை மடித்து மேலங்கிப் பையில் வைத்தேன். மிச்ச மூடிகளைத் திறந்தேன். வலி ஒருவிதச் சத்தம்போலத் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள், வியாழக்கிழமை, அந்த அட்டையைத் தராசு பார்த்துவிட்டார். நான் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றிருக்கிறார். என்ன இது, கோலமா என்றார். எனக்குப் பொய் சொல்ல நேரம் இல்லை. டென்னிஸ் எல்போ, மூடி, சென்டர் என்று சுருக்கமாகச் சொன்னேன். தலை இடப்பக்கம் சாய்ந்தது.

“டென்னிஸா? எந்த கிளப்புல ஆடுறீங்க?”

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், வாய் வரவில்லை. தலை வலப்பக்கம் சாய்ந்தது. அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்றார். மூடி விரிசல் விட்டதாக ஏற்கெனவே புகார் இருக்கிறதாம். காலையில் மூடுவது யார் என்று சனிக்கிழமைக்குள் எழுதிக் கொடுங்கள், அந்தம்மா எப்படியும் ஒப்பந்த ஆளாகத்தான் இருக்கும், மாற்றிவிடலாம் என்றார். உங்கள் நிரந்தரக் கோப்பிலும் இதைச் சேர்த்துவிடுகிறேன் என்றார். என் பக்கம் தட்டு இறங்குவதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

நான் சரி என்றேன். அந்தச் சரி எப்படி வந்தது என்று இதுவரை தெரியவில்லை.

மாலையில் வீட்டுக்குப் போனபோது அம்மா குழாயடியில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். பிழியவில்லை. துணியின் ஒரு முனையைக் குழாயில் சுற்றி, இடது கையால் முறுக்கிக்கொண்டிருந்தாள். வலது முழங்கையில் பழைய தாவணிக் கிழிசலைக் கட்டியிருந்தாள். சரியாக எலும்பின் மேல்.

உள்ளே வா என்றேன். ஏன் என்றாள். வா என்றேன். சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, முஷ்டி பிடி, மணிக்கட்டைத் தூக்கு என்றேன். நான் அழுத்தியதும் அவள் முகம் மாறவில்லை. காலின் பெருவிரல் மட்டும் தரையைப் பற்றியது.

“எத்தனை நாளா?”

“நாள் என்ன நாள். அது பாட்டுக்கு இருக்கும்.”

“டப்பாவை ஏன் அப்படி இறுக்குற?”

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. நான் படித்தவள், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவள் அவள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு டப்பா ஒழுகிப் பெட்டியில் இருந்த சீட்டெல்லாம் நனைந்துவிட்டதாம். மேற்பார்வையாளர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, அந்தப் பெட்டிக்குள் முகத்தை விட்டு மோந்து பார்க்கச் சொன்னானாம். மோந்து பார்த்தாளாம். அன்றிலிருந்து ஒரு டப்பாகூட ஒழுகியதில்லை. இதைச் சொல்லும்போது குரலில் ஒன்றும் இல்லை. பேருந்து தாமதமாக வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

“நீ அங்க சேர்ந்ததுல இருந்து இன்னும் ஒரு திருகு சேர்த்துத்தான் திருகுறேன். கண்டவன் மூத்திரம் உன் கையில படக் கூடாது இல்ல?”

அடுப்பில் சோறு பொங்கி வந்தது. எழுந்து போய்த் தட்டை நகர்த்தி வைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். சுவரில் என் பட்டம் இருந்தது. கத்த வேண்டும் என்று தோன்றியது.

என் சட்டைக் கையைச் சுருட்டி, கைப்பட்டையைக் காட்டினேன்.

“நீ மூடுறதைத் திறக்கிறது நான்தாம்மா.”

அவள் பட்டையைப் பார்த்தாள். தன் கிழிசலைப் பார்த்தாள். சோறு குழைஞ்சிடும் என்று எழுந்து போனாள். சாப்பிட்டோம். கை கழுவும்போது, இனிமேல் லேசா மூடறேன் என்றாள். சரி என்றேன். எவ்வளவு லேசாக என்று நான் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. என்னோடு படித்தவர்கள் யாரும் செய்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு இப்படி ஒரு சந்தேகம் வராது, வந்தால் கேட்டுவிடுவார்கள். என் அம்மா என்னிடம் கேட்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நான்காவது சென்டர் பெட்டி வந்தது. திறந்ததும் வாடை வந்தது. அடியில் வைத்த பஞ்சு மஞ்சளாக ஊறியிருந்தது. மூன்று டப்பாக்கள் ஒழுகியிருந்தன. மூடிகள் சும்மா தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருந்தன. மூன்று பேரை மறுபடி வரவழைக்க வேண்டும். அதில் ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி என்று சீட்டில் இருந்தது.

தராசு வந்து பெட்டியைப் பார்த்தார். இந்த முறை தலை எந்தப் பக்கமும் சாயவில்லை.

“நேத்து விரிசல், இன்னிக்கு ஒழுகல். யாரு அந்தம்மா? பேரு தெரிஞ்சுதா?”

மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்தார். என் கை பெட்டிக்குள் இருந்தது. லேபில் ஒன்பது பேர் இருந்தோம். ரத்தத்தைப் பிரிக்கிற சுழற்சி இயந்திரம் அப்போதுதான் நின்றிருந்ததால் அறை அமைதியாக இருந்தது.

“எங்கம்மா” என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார்.

“நாலாவது சென்டர்ல காலையில மூடறது எங்கம்மா. இறுக்கி மூடினதும் அவங்கதான். நேத்து நான் லேசா மூடச் சொன்னேன். எவ்வளவுன்னு சொல்லிக் குடுக்கல. இது என் தப்பு.”

தொலைபேசி அவர் கையிலேயே இருந்தது. முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அதை எடைபோட்டார் என்று நினைக்கிறேன். நான் அட்டையை மேசையில் வைத்தேன். ஒருநாள்கூடப் பயிற்சி தராமல் ஓர் ஆளை மூடி போட வைத்திருக்கிறீர்கள், அதைத் திறக்கிற இயந்திரம் ஐந்து மாதமாகத் துணி போர்த்தி நிற்கிறது, நடுவில் இரண்டு கை போய்விட்டது என்றேன். சத்தமாகச் சொன்னேனா என்று தெரியாது. பக்கத்து மேசையில் யாரும் சிரிக்கவில்லை.

அவர் தொலைபேசியை வைத்துவிட்டு என் கோப்பை எடுத்தார். படிவத்தில் இல்லத்தரசி என்ற அந்த ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடித்து விரலை வைத்தார். தவறான தகவல் தந்ததற்காக என் தகுதிகாண் காலத்தை மூன்று மாதம் நீட்டினார். பிசியோவும் மூன்று மாதம்தான் சொல்லியிருந்தாள். மூடி திறப்பதை இனி இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். பிடித்துத் திறக்க ஒரு ரப்பர்த் துண்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். இயந்திரத்தின் பாகம் வர வேண்டும் என்றார். அம்மாவைப் பற்றி, இன்னொரு முறை ஒழுகினால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பயிற்சி யார் தருவது என்று கேட்டேன். நீங்களே தாருங்கள் என்றார்.

சனிக்கிழமை லேபுக்குப் போகும் முன் நான்காவது சென்டருக்குப் போனேன். இந்த ஐந்து மாதத்தில் அந்தத் தெருப்பக்கமே நான் போனதில்லை. ஒரு குறுகிய கூடம், பத்து நாற்காலி, ரத்தம் எடுக்கிற ஒரு மேசை. மூலையில் நீல மேலங்கி போட்ட ஒரு சின்ன உருவம் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றது. ரத்தம் எடுக்கிற பெண்ணும், காத்திருந்த நான்கைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க மேடம்” என்றாள் என் அம்மா.

அதை அவள் ஒத்திகை பார்த்து வைத்திருக்க வேண்டும். ஒருநாள் நான் வந்துவிட்டால் என்று ஐந்து மாதமாக வாய்க்குள் வைத்திருந்திருக்கிறாள். முகத்தில் சின்ன அசைவுகூட இல்லை. என்னைவிட நன்றாகப் பொய் சொல்கிறாள்.

“உக்காரும்மா” என்றேன்.

அவள் உட்காரவில்லை. தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். ரத்தம் எடுக்கிற பெண், அம்மாவா என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை.

காலி டப்பாவில் தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டேன். மூடி தட்டுப்படுகிற வரை திருகு, அப்புறம் கால் திருகு, நிறுத்து. கவிழ்த்துக் காகிதத்தின் மேல் வை. காகிதம் நனையாவிட்டால் போதும். அம்மா திருகினாள். தட்டுப்பட்டது. கால் திருகு வந்தது. கை நிற்கவில்லை, இன்னொரு கால் போகப் பார்த்தது. அவள் விரலின் மேல் என் விரலை வைத்து நிறுத்தினேன். மறுபடி. மறுபடி. பதினோராவது முறை தானாக நின்றது. காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள், தராசு பார்த்ததுபோலவே.

“ஒழுகினா?”

“ஒழுகாது.”

“ஒழுகினா என்னைத்தானே மோந்து பாக்கச் சொல்வாங்க.”

“என்னைக் கூப்பிடு. நான் பாக்கறேன்.”

கிழிசலை அவிழ்த்து எறிந்துவிட்டு, பிசியோவிடம் சொல்லி வாங்கிய இன்னொரு பட்டையைக் கட்டிவிட்டேன், எலும்பிலிருந்து இரண்டு விரல் கீழே. இங்க வலிக்கலையே, இங்க எதுக்குக் கட்டுற என்றாள். நேரமாகிவிட்டது, வீட்டில் சொல்கிறேன் என்றேன்.

அன்று மாலை பாட்டில் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கம் நான், எதிர்ப்பக்கம் அவள். இரண்டு கையும் விளிம்புக்கு வெளியே. வலிக்குதுன்னு ஏன்டி சொல்லல என்றாள். நீ சொன்னியா என்றேன். அதற்கு மேல் அந்தப் பேச்சு போகவில்லை. அரை லிட்டர் பாட்டில்கள் இரண்டில் அவளே தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னுடையதில் தண்ணீர் ததும்ப இருந்தது. கனமாகத் தெரிந்தது, கொஞ்சம் கொட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்று மூடியைத் திருகினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினேன். அசையவில்லை.

அம்மா தன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரவாயில்லை, இதைத் திறக்க வேண்டியதில்லை என்றேன். இறக்கினால் போதும். ஒன்று என்று எண்ணத் தொடங்கினேன்.